நூற்றுக்கு ஆறு

தரகர் வேண்டாம் என்றேன்.
பதினாலாயிரத்து நூறு டாலர், வெர்னா,
கதவைத் திறந்துவிட ஓர் ஆளுக்கு!
கதவைத் திறக்க எனக்குத் தெரியாதா?
குளிரில் இறுகிக்கொண்டால்
அடிப்பக்கம் இடது காலால் ஓர் உதை.
அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பலகை பன்னிரண்டு டாலர்.
உறைந்த தரையில் அதை ஊன்றக்
கடப்பாரையும் நாலு கெட்டில் வெந்நீரும்
ஒரு முழு முற்பகலும் ஆயின.
'விற்பனைக்கு. நேரடியாக உரிமையாளரிடம்.'
என் கையெழுத்தில் ஏழு
ஒன்று மாதிரி விழுந்துவிட்டது.
டுலூத்தில் யாரோ ஒரு பல் மருத்துவர்
மூன்று நாள் என் வீட்டுக்காகப் பதில் சொல்லியிருக்கிறார்.

எண்ணைத் திருத்தியதும்
வந்தவர்கள் எல்லாரும் தரகர்கள்.
ஆளுக்கொரு அட்டை.
ஃபிரிட்ஜில் ஒட்டக் காந்தம் போதவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை
நிஜமாகவே ஒரு ஜோடி.
பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்தார்கள்.
ஜோலின் என்ற அந்தப் பெண்
சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்து
"இதை இடிச்சிடலாம்" என்றாள்,
நான் பக்கத்தில் நிற்கும்போதே.
தொண்ணூற்றொன்றின் பெரும்பனியில்
மூன்று நாள் அடைபட்டுக் கிடந்து எழுப்பிய சுவர்.

அதற்குமேல் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.
"ஏப்ரலில் நிலவறையில் தண்ணீர் வரும்,
இரண்டு அங்குலம், சில வருஷம் மூன்று.
ஃபர்னஸ் சத்தம் போடும், பழகிடும்.
வடக்கு ஜன்னலை நம்பாதீங்க."
வெர்னா பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள்.
அவர்கள் சொன்ன விலை
இரண்டு லட்சத்து ஐயாயிரம்.
அதற்குக் கொளுத்திவிடுவேன் என்றேன்.
போய்விட்டார்கள்.
வாசலில் பூட்ஸ் வைத்த இடத்தில் இரண்டு சிறு குளங்கள்.
வெர்னா துடைத்தாள்.
துடைத்த கையோடு ஃபிரிட்ஜிலிருந்து ஓர் அட்டையை உருவினாள்.

பெர்னிஸ் ஓஸ்ட்பி டேப்போடு வந்தாள்.
பாதி நாற்காலிகளைக் கராஜுக்கு அனுப்பினாள்.
தண்ணீர் விஷயத்தைப் படிவத்தில் எழுதச் சொன்னாள்:
"ஒரு வரி, ஆர்விட். ஒரே ஒரு வரி."
கடைசியில் பேனாவை மூடிக்கொண்டு,
"நல்ல வீடு. ஆட்கள் பார்க்க வரும்போது
நீங்கள் மட்டும் இருக்கக் கூடாது."

அந்தச் சனிக்கிழமை
ஏரிக்கரையில் டிரக்கில் உட்கார்ந்திருந்தோம்,
ஹீட்டரும் நாயும் நாங்களும்.
உடைந்த பனிக்கட்டிகள் கரையோடு உரசிக்கொண்டிருந்தன.
பெட்ரோல் ரசீதின் பின்னால் கணக்குப் போட்டேன்.
இரண்டு மணி நேரம்,
நிமிஷத்துக்கு நூற்றுப் பதினேழரை டாலர்,
நான் அங்கே இல்லாமல் இருப்பதற்கு.
முப்பத்தெட்டு வருஷம் தாதுத் துறைமுகத்தில்
இருந்ததற்கு
யாரும் எனக்கு அவ்வளவு கொடுத்ததில்லை.
"சாண்ட்விச்சைச் சாப்பிடு" என்றாள் வெர்னா.

இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்துக்கு முடிந்தது.
மே மாதம் கையெழுத்துப் போடப் போனால்
மேஜைக்கு அந்தப் பக்கம் அதே ஜோலின்,
அதே பையன்,
அவர்களுக்கும் ஒரு தரகர்.
"நிலவறைக்கு பம்ப் வாங்கியாச்சு" என்றாள் என்னிடம்.
"இந்த வருஷம் ஏழு வீடு பார்த்தோம்.
தண்ணீர் வரும்னு வாயால சொன்னது நீங்க ஒருத்தர்தான்.
அதனாலதான் திரும்பி வந்தோம்."
நான் பெர்னிஸைப் பார்த்தேன்.
பெர்னிஸ் அடுத்த பக்கத்தைப் புரட்டி
"இங்கே ஒரு கையெழுத்து" என்றாள்.

கமிஷன் போக, அவர்களின் முதல் விலையைவிட
பன்னிரண்டாயிரத்து நூற்று நாற்பது கூடுதல்.
அது பெர்னிஸால் என்கிறாள் வெர்னா.
நான் ரசீதை இன்னும் தூக்கிப் போடவில்லை.

சாவி மூன்று, கராஜ் ரிமோட் ஒன்று,
பனி வாரும் மண்வெட்டி இலவசம்.
எல்லாம் கொடுத்தேன், எல்லாம் விளக்கினேன்.
இடது கால் உதையைப் பற்றி மட்டும்
யாரும் கேட்கவில்லை.
வாய் எப்படியோ
மூடியே இருந்தது.